ஒரு லீவுக்கு இரண்டு தெண்டம்

பெரியப்பாவின் தகரப்பெட்டியை வருசத்துக்கு ஒருமுறைதான் திறப்போம். நவம்பர் மாசம் பென்சனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கணும். அதுக்கான தாள்களைத் தேடி எடுத்துக் கொடுக்கிற வேலை என்னுடையது. பெட்டிக்குள் பட்டாளத்துக் கம்பளி ஒன்று, ரெண்டு மெடல், டிஸ்சார்ஜ் புத்தகம். அதுக்கெல்லாம் அடியில் ஒரு பழைய சம்பளக் கணக்குத் தாள். போன வருசம்தான் அதை விரித்துப் பார்த்தேன். 1974-ஆம் வருசத்துத் தாள். கழிவுகள் என்ற பகுதியில் வரவேண்டிய சம்பளத்தில் பாதிக்கு மேல் காணோம்.

"இதென்ன பெரியப்பா, கடன் வாங்கியிருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"கடனில்ல தாயி, தெண்டம். ஒரே லீவுக்கு ரெண்டு தெண்டம் கட்டுனவன் நான். பட்டாளத்துக்கு ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு."

இது எங்கள் வீட்டில் பேசப்படாத கதை. அன்று ராத்திரிதான் முழுசாகச் சொன்னார்.

பட்டாளத்தில் சேர்ந்து மூன்றாம் வருசம் லீவில் வந்திருக்கிறார். மதுரையிலிருந்து கடைசி பஸ். பஸ் நிற்கிற இடத்திலிருந்து எங்கள் தெருவுக்குப் போக ஊருக்குள்ளே நேர்வழி இருக்கிறது. கண்மாய்க்கரை மேலே சுற்றுவழியும் இருக்கிறது. நமக்கு உரியது சுற்றுவழி. ராத்திரிதானே, தலையில் பெட்டி இருக்கே என்று பூட்ஸ் காலோடு நேர்வழியில் நடந்துவிட்டார். மறுநாள் விடிந்ததும் ஊர்க்கூட்டம். 101 ரூபாய் ரொக்கம், ஒரு கிடாய், சாவடி முன்னால் விழுந்து கும்பிடணும். வெள்ளிக்கிழமைக்குள் கட்டவில்லையென்றால் எங்கள் தெருவுக்கே வேலை இல்லை, கடை இல்லை, தண்ணீர் இல்லை. அதை ஊருக்கும் தெருவுக்கும் தப்படித்துச் சொல்ல வேண்டியது யார்? ஊர்த் தோட்டி வேலை பார்த்த என் தாத்தா. தன் மகன் மேல் போட்ட தெண்டத்தைத் தானே அடித்துச் சொல்லிக்கொண்டு போயிருக்கிறார்.

"எங்கய்யா அடிச்சுக்கிட்டு வாராரு. நான் வீட்டுக்குள்ள உக்காந்து கேக்குறேன். சண்டையில குண்டுச் சத்தம் கேட்டவன் நான். அதெல்லாம் ஒண்ணுமில்ல தாயி இதுக்கு முன்னாடி."

அப்பத்தா வளர்த்த ரெண்டு வெள்ளாடு விற்றுப்போயின. பத்தாததற்கு வட்டிக்கு வாங்கினார்கள். பணம் புரட்டிக் கட்டி முடிக்கும்போது லீவு முடிந்து ஆறு நாள் தாண்டிவிட்டது. யூனிட்டுக்குப் போனதும் தொப்பியையும் பெல்ட்டையும் கழற்றச் சொல்லி அதிகாரி முன்னால் மார்ச் பண்ணி நிறுத்தியிருக்கிறார்கள். ஏன் லேட்? காரணம் சொல்லு.

"என்னன்னு சொல்லுவேன்? எனக்குத் தெரிஞ்ச அரைகுறை இந்தியில, பூட்ஸ் போட்டு நடந்தேன் சாப், தெண்டம் போட்டாய்ங்கன்னா சொல்லுவேன்? கூட நிக்கிறவனுக்கெல்லாம் என் சாதி அன்னைக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு மேலுக்குச் சரியில்லன்னு சொன்னேன். டாக்டர் சீட்டு எங்கன்னு கேட்டாரு. இல்லன்னேன். முடிஞ்சது சோலி."

வராத ஆறு நாள் சம்பளம் போயிற்று. அபராதமாக 14 நாள் சம்பளம் போயிற்று. மொத்தம் 20 நாள்.

ரெண்டு தெண்டப் பணமும் எங்கே போனது? பெரியப்பாவிடம் இதைக் கேட்டேன். அவர் சிரித்தார். பதில் தேடி நான் போன வழிதான் இந்தக் கட்டுரை.

*

தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் முதலில் அகராதியைத்தான் எடுத்தேன். தெண்டம் என்று நாம் சொல்வது தண்டம். அந்த ஒரு சொல்லுக்குத் தமிழில் எத்தனை பொருள் பாருங்கள். தண்டம் என்றால் கோல், தடி. தண்டம் என்றால் படை. அதனால்தான் படைத்தலைவன் தண்டநாயகன். தண்டம் என்றால் தண்டனை. தண்டம் என்றால் அபராதப் பணம். வரி வசூலிப்பது தண்டல், வசூலிப்பவர் தண்டல்காரர். காலில் விழுவது தண்டனிடுதல். ஒன்றுக்கும் உதவாமல் போனதும் தண்டம்தான், தண்டச்சோறு என்கிறோம்.

இவற்றில் சில ஒரே வேரிலிருந்து வந்தவை, சில ஒலியால் வந்து ஒட்டிக்கொண்டவை என்று இலக்கண வாத்தியார்கள் பிரித்துச் சொல்வார்கள். சொல்லட்டும். பெரியப்பாவின் அந்த ஒரு லீவில் இத்தனை பொருளும் வரிசையாக வந்து நின்றன. படையில் இருந்தார். தடியோடு வந்தார்கள். தண்டனை கொடுத்தார்கள். பணம் தண்டினார்கள். தண்டனிடச் சொன்னார்கள். இருபது நாள் உழைப்பு தண்டமாய்ப் போனது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் ஒரு வகை உண்டு. தவறுதலாக ஒரு ஆளைக் கொன்றுவிட்டவன் கோயிலில் நந்தாவிளக்கு எரிக்க ஆடு கொடுக்க வேண்டும் என்று சபையோ நாட்டாரோ தீர்த்துவைத்த செய்தி அதில் இருக்கும். ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது பல இடங்களில் காணும் கணக்கு. அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். செத்தாலும் கிழடானாலும் மேய்ப்பவன் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்து நெய் அளக்கணும். செத்தவன் வீட்டு நட்டம் கோயில் விளக்காகிவிடுகிறது. அரசர்களின் கருணைக்கு அடையாளமாக இதைப் பாடப்புத்தகத்தில் படித்தோம். அப்பத்தாவின் ரெண்டு வெள்ளாடு எனக்கு நினைவுக்கு வரும்வரைக்கும் நானும் அப்படித்தான் படித்தேன். தெண்டம் கோயிலுக்குப் போவது நேற்று வந்த பழக்கமல்ல.

*

இனி பட்டாளத்துத் தெண்டம். இதற்குச் சட்டம் இருக்கிறது.

வெள்ளைக்காரன் 1911-இல் போட்ட இந்திய ராணுவச் சட்டத்தின் இடத்தில் 1950-இல் இப்போதைய ராணுவச் சட்டம் வந்தது. அதன் 80-ஆம் பிரிவு, கோர்ட் மார்ஷல் இல்லாமலே கட்டளை அதிகாரி சாதாரணச் சிப்பாய்க்குக் கொடுக்கக்கூடிய தண்டனைகளைப் பட்டியல் போடுகிறது. 28 நாள் வரை சிறை, 28 நாள் வரை லைனை விட்டு வெளியே போகாமல் அடைப்பு, கூடுதல் காவல் வேலை, இவற்றோடு அபராதம். ஒரு மாதத்தில் 14 நாள் சம்பளம் வரை பிடிக்கலாம். 39-ஆம் பிரிவுதான் லீவு முடிந்தும் வராமலிருக்கும் குற்றம். "போதுமான காரணமின்றி" என்று அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. சாதி போதுமான காரணமா என்று பெரியப்பா கேட்டிருக்கலாம். கேட்பதற்கு முதலில் சாதியைச் சொல்லியாகணுமே.

அதே சட்டத்தில் அதிகாரிகளுக்கு இப்படிச் சுருக்கமாகக் கொடுக்கும் தண்டனை வேறு. கண்டனம், கடுங்கண்டனம், பணிமூப்பு இழப்பு, அவர்களால் நட்டம் வந்திருந்தால் அது தீரும்வரை சம்பளப் பிடித்தம். 14 நாள் அபராதம் கீழே இருப்பவனுக்கு மட்டும். அதிகாரிக்குப் பேர் போகும். சிப்பாய்க்குச் சோறு போகும்.

பணத்தைப் பிடிப்பது எப்படி? சிப்பாய் கையிலிருந்து யாரும் ரூபாயை எண்ணி வாங்குவதில்லை. தண்டனை உத்தரவு எழுத்தாகி யூனிட்டிலிருந்து சம்பளக் கணக்கு அலுவலகத்துக்குப் போகும். அங்கே அவன் பேரில் இருக்கும் கணக்கில் கழிப்பார்கள். எதற்கெல்லாம் கழிக்கலாம் என்பதை 91-ஆம் பிரிவு சொல்கிறது: வராத நாள், காவலில் இருந்த நாள், தன் தப்பால் வந்த நோய்க்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாள், அரசாங்கச் சொத்துக்கு வந்த நட்டம், அபராதம், கைவிட்ட பெண்டாட்டி பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய சீவனாம்சம். அபராதமும் நட்ட ஈடும் இதுமாதிரிப் பிடித்தங்களும் சேர்ந்து ஒரு மாதத்தில் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்று 94-ஆம் பிரிவு ஒரு எல்லை போடுகிறது. வேலையை விட்டே நீக்கப்படுபவனுக்கு அந்த எல்லையும் இல்லை. வராத நாளுக்கு வெட்டும் சம்பளம் இந்தப் பாதிக் கணக்கில் சேராது. பெரியப்பாவின் தாளில் பாதிக்கு மேல் போனது இப்படித்தான்.

கழித்த பணத்துக்கென்று தனி உண்டியல் கிடையாது. சிப்பாய்க்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் அரசாங்கம் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவுப்படி ஒன்றிய அரசின் வருமானம் எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதி என்ற ஒரே குளத்தில்தான் சேரும். பெரியப்பாவின் 14 நாளும் அந்தக் குளத்துத் தண்ணீர்தான். பீரங்கிக்குப் போயிருக்கலாம், மந்திரி வீட்டுத் தோட்டத்துக்கும் போயிருக்கலாம். அவருக்கு இன்று வரும் பென்சனும் அதே குளத்திலிருந்துதான் வருகிறது.

அப்படியென்றால் ஊனமான சிப்பாய்க்கும் செத்த சிப்பாயின் விதவைக்கும் தனியாக உதவிப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி நம் பள்ளிக்கூடத்திலிருந்து. டிசம்பர் 7 கொடி நாள். 1949-இல் தொடங்கியது. சின்ன வயசில் வாத்தியார் காகிதக் கொடியைச் சட்டையில் குத்திவிட்டுக் காசு வாங்குவாரே, அதுதான். அந்தக் காசு போகும் இடம் நமக்குத் தெரியும். சிப்பாயிடம் பிடித்த அபராதம் இன்னொரு சிப்பாய்க்குப் போனதா என்பது மட்டும் குளத்துக்குள் கரைந்துவிடுகிறது.

*

இது எப்போதும் இப்படித்தானா? மதுரையில் நாம் பஸ் ஏறி இறங்கும் வெளிவீதிகள் பழைய கோட்டையின் மதிலும் அகழியும் இருந்த இடம். 1840-களில் இடித்துத் தூர்த்தார்கள். அந்தக் கோட்டைக்குள் இருந்துதான் யூசுப்கான் கம்பெனிப் படையை எதிர்த்து நின்றார். கம்பெனியின் சிப்பாய்களுக்கே தளபதியாக இருந்தவர். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கில் போட்டார்கள். தளபதிகளுக்கு வரலாறு இருக்கிறது. சம்மட்டிபுரத்தில் அவருக்குச் சமாதியும் இருக்கிறது. அந்தப் படைகளில் துப்பாக்கி தூக்கியவனின் சம்பளம் எங்கே போனது என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

கம்பெனிப் படையில் சிப்பாயின் சம்பளத்தில் உடுப்புக்கென்று மாதாமாதம் கழித்தார்கள். கழித்த தொகையில் உடுப்புச் செலவு போக மிஞ்சுவது கர்னல்களுக்குப் போய்ச் சேர்ந்தது. மறைவாக நடந்த திருட்டல்ல இது. பிரிட்டிஷ் படையிலும் கம்பெனிப் படையிலும் அது கர்னல் பதவிக்கு உரிய வரும்படி. பிற்காலத்தில் அதை ஒரு நிதியாக்கி மூத்த கர்னல்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். சிப்பாயின் கிழிந்த சட்டையில்தான் கர்னலின் மாளிகை நின்றது.

லண்டனில் செல்சி என்ற இடத்தில் கிழட்டுச் சிப்பாய்களுக்கு ஒரு பெரிய விடுதி இருக்கிறது. 1682-இல் ராஜா இரண்டாம் சார்லஸ் தொடங்கியது. ராஜாவின் தருமம் என்று பேர். உண்மையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அதை நடத்தியதில் பெரும் பங்கு சிப்பாய்களின் சம்பளத்தில் பிடித்த காசு. வருசத்துக்கு ஒருநாள் சம்பளமும் அதில் சேர்ந்தது. இங்கே நம் பக்கம் 1770-இல் கிளைவ் நிதி வந்தது. வங்காள நவாப் மீர் ஜாஃபர் கிளைவுக்கு எழுதிவைத்த 5 லட்சம் ரூபாயில் உருவானது. கம்பெனியின் ஐரோப்பிய அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அவர்கள் விதவைகளுக்குமான நிதி. பணம் இந்த மண்ணுடையது, பலன் வெள்ளைத் தோலுக்கு.

அந்தக் காலத்து மதராஸ் படையில் பறையர்கள் ஏராளமாக இருந்தார்கள். பாலம் போடும், பாதை வெட்டும் சாப்பர் படையில் இன்னும் அதிகம். ஆனாலும் சமமாக இருந்தார்கள் என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம். அந்தப் படையில் தண்டனை முதுகில்தான் விழுந்தது. 1806-இல் வேலூரில் புதுத் தலைப்பாகையை மறுத்தவர்களுக்குக் கிடைத்தது கசையடி. ஜூலை 10 எழுச்சிக்குப் பிறகு அதில் பங்கெடுத்த பட்டாளங்களின் எண்களையே பட்டியலிலிருந்து அடித்தார்கள். நாட்டுச் சிப்பாய்க்குக் கசையடி கிடையாது என்று 1835-இல் பெண்டிங்க் உத்தரவு போட்டார். 1845-இல் ஹார்டிஞ்ச் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளைச் சிப்பாய்க்கு 1881 வரை அடி நிற்கவில்லை. முதுகில் அடிப்பது குறையக் குறைய மடியில் அடிப்பது கூடியது.

இதைவிடப் பெரிய தெண்டம் ஒன்று எந்தக் குற்றமும் செய்யாமலே விழுந்தது. 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். தெற்கத்தியான் சண்டைக்கு லாயக்கில்லை என்பது அவர் முடிவு. பிறகு 1893 வரை இந்தியா முழுசுக்கும் தளபதியானார். வீரசாதி என்று ஒரு கோட்பாடு படையேறியது. தெற்கே பட்டாளங்கள் சுருங்கின; நம்மவர்களுக்குப் பயனியர், சாப்பர் என்று மண்வெட்டி தூக்கும் பிரிவுகள்தான் மிச்சம். பயனியர்களையும் 1933-இல் கலைத்தார்கள். மேற்கே மகர்களுக்கும் 1890-களில் கதவடைத்தார்கள். அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதாராக இருந்தவர். பட்டாளத்துப் பள்ளிக்கூடம் என்ற ஒரு வாசல் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய வாசல் என்று நமக்குத் தெரியும். பிறப்பையே குற்றமாக வைத்து ஒரு தலைமுறையின் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டது அந்தக் கோட்பாடு.

*

சிப்பாயின் அபராதத்தை சிப்பாய்க்கே கொடுக்க வேண்டும் என்று சட்டம் எழுதிய நாடு ஒன்று உண்டா என்று தேடினேன். அமெரிக்காவில் இருக்கிறது.

1847-இல் மெக்சிகோ நகரத்தைப் பிடித்த ஜெனரல் ஸ்காட் அந்த நகரத்தின் மேல் 1,50,000 டாலர் தெண்டம் போட்டார். அதில் மிஞ்சிய பணத்தை வைத்து 1851 மார்ச் 3 அன்று வாஷிங்டனில் சிப்பாய்கள் இல்லம் ஒன்றுக்குச் சட்டம் போட்டார்கள். வயசான, ஊனமான சாதாரணச் சிப்பாய்களுக்கு வீடு. தொடர்ந்து நடத்தப் பணம் வேண்டுமே? ஒவ்வொரு சிப்பாயிடமும் மாதம் 25 சென்ட். கோர்ட் மார்ஷல் விதிக்கும் அபராதம், நட்ட ஈடு போக மிச்சம் முழுக்க. ஓடிப்போனவன் இழந்த சம்பளம். செத்துப்போய், உரிமை கேட்டு யாரும் வராத சிப்பாயின் காசு. எல்லாம் அந்த இல்லத்துக்கு. இன்றும் வேறு பெயரில் அது நடக்கிறது. இன்றும் அபராதப் பணம் அதன் வருமானங்களில் ஒன்று.

ஜனாதிபதி லிங்கன் 1862, 1863, 1864 கோடைகளில் அந்த வளாகத்தில்தான் தங்கினார். அடிமை விடுதலைப் பிரகடனத்தை அவர் யோசித்து எழுதிய காலம் அது. இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடுத்த பக்கத்தைத் திருப்பியதும் அடங்கிவிட்டது.

அதே யுத்தத்தில் சுமார் 1,80,000 கறுப்பர்கள் வடக்குப் படையில் சண்டை போட்டார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர், உடுப்புப் படி தனி. கறுப்புச் சிப்பாய்க்கு 10 டாலர், அதில் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம். கைக்கு வருவது 7. எந்தத் தப்பும் செய்யாமல் மாதாமாதம் தெண்டம். மாசசூசெட்ஸ் 54-ஆம் ரெஜிமெண்ட் கறுப்புச் சிப்பாய்கள் சமச்சம்பளம் வரும்வரை ஒரு காசும் வாங்கமாட்டோம் என்று வாங்காமலே சண்டை போட்டார்கள். சார்ஜெண்ட் வில்லியம் வாக்கர் தன் ஆட்களோடு துப்பாக்கிகளை அடுக்கிவைத்துவிட்டு, ஒப்பந்தச் சம்பளம் தராத படையில் வேலை இல்லை என்றார். 1864 பிப்ரவரி 29 அன்று அவரைக் கலகக்காரன் என்று சுட்டுக் கொன்றார்கள். சமச்சம்பளச் சட்டம் அதே வருசம் ஜூனில் வந்தது.

1906-இல் டெக்சாஸ் பிரவுன்ஸ்வில்லில் ஒரு ராத்திரி துப்பாக்கிச் சூடு. சுட்டது யார் என்று கறுப்புச் சிப்பாய்கள் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தால்தானே சொல்வார்கள். ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 பேரை ஒரே உத்தரவில் மரியாதை இல்லாமல் வேலை நீக்கம் செய்தார். பென்சன் போயிற்று. அந்த உத்தரவு தப்பு என்று 1972-இல் ஒப்புக்கொண்டார்கள். அப்போது அவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் போயிருந்தார்கள்.

ஆக, அபராதம் சிப்பாய் இல்லத்துக்கே போகும் என்று சட்டத்தில் எழுதிவிட்டால் மட்டும் நியாயம் வந்துவிடாது. எவன் மேல் அபராதம் விழுகிறது என்பது முதல் கேள்வி. இன்னொன்றும் உண்டு. அண்மை ஆண்டுகளில் அந்தப் படையில் அபராதங்கள் குறைந்தபோது அந்த இல்லத்தின் நிதியும் இறங்கியது. ஒழுங்கு கூடினால் கிழவர்கள் வீட்டில் காசு குறையும். அபராதத்தில் வாழும் எந்த அமைப்புக்கும் குற்றம் தேவைப்படும். அதே நாட்டில் ஃபெர்குசன் நகரப் போலீஸ் நகராட்சி வருமானத்துக்காகவே கறுப்பர்கள் மேல் அபராதம் போட்டுவந்ததை 2015-இல் அந்நாட்டு நீதித்துறை அறிக்கையே சொன்னது. நம் ஊர்ச் சாவடிக்கு இந்தப் பாடத்தை எந்த அமெரிக்காவும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. கொடை நெருங்கும் மாசத்தில் சேரிப் பையன்கள் மேல் எத்தனை பஞ்சாயத்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

*

நம் ராணுவச் சட்டத்தின் 89-ஆம் பிரிவை நான் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதன் பெயர் கூட்டு அபராதம். ஒரு கம்பெனியின் துப்பாக்கியோ அதன் உறுப்போ தொலைந்தால், திருடுபோனால், விசாரணைக்குப் பிறகு அந்தக் கம்பெனி முழுசுக்கும் அல்லது பொறுப்பானவர்கள் என்று மேலதிகாரி கருதுபவர்களுக்கும் சேர்த்து அபராதம் போடலாம். சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. ஜூனியர் கமிஷன் அதிகாரிகள் முதல் கீழே இருப்பவர்கள் வரை மட்டும். அதற்கு மேலே இருப்பவர்கள் இந்தக் கூட்டில் சேரமாட்டார்கள்.

ஒருவன் செய்ததற்கு எல்லாரிடமும் தண்டுவது அரசாங்கத்துக்குப் புதுசல்ல. கலவரம் நடந்த ஊரில் கூடுதல் போலீசை நிறுத்தி அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையில் கட்டும் முறை 19-ஆம் நூற்றாண்டிலேயே சட்டமானது. தண்டப் போலீஸ் என்று கிழவர்கள் சொல்வது அதைத்தான். 1942 ஆகஸ்ட் போராட்டத்தின்போது வெள்ளை அரசாங்கம் கூட்டு அபராதத்துக்கென்றே அவசரச் சட்டம் போட்டு ஊர் ஊராகத் தண்டியது.

இதே ஆயுதம் நம் பக்கமும் ஒருமுறை திரும்பியது என்பது நம் தோழர்கள் பலருக்கே தெரியாது. தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் 1976-இல் 10-ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியில் இருப்பவர்கள் தீண்டாமைக் குற்றத்தில் பங்கெடுத்தாலோ, தூண்டினாலோ, குற்றவாளியை ஒளித்துவைத்தாலோ, துப்புக் கொடுக்க மறுத்தாலோ, மாநில அரசு அந்த ஊர் மேல் கூட்டு அபராதம் போடலாம். அவரவர் வசதிக்குத் தக்கபடி பிரித்து வசூலிக்கலாம். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இதே அதிகாரத்தை வன்கொடுமைகளுக்கும் நீட்டுகிறது.

துப்பாக்கி தொலைந்தால் கம்பெனி முழுசும் கட்டணும். மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு பஸ்ஸில் வந்தவர்களையும் வெட்டிக் கொன்றபோது தொலைந்தது என்ன? உத்தபுரத்தில் குறுக்கே நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று உடைத்தார்களே, அத்தனை வருசம் அந்தச் சுவருக்கு ஊரே காவல் இருந்ததற்குக் கணக்கு என்ன? பாதிக்கப்பட்டவர்களுக்கு 1995-ஆம் ஆண்டு விதிகளின்படி அரசாங்கம் நிவாரணம் கொடுக்கிறது. வாங்கிக்கொள்கிறோம், அது உரிமை. ஆனால் அந்தப் பணமும் பொதுக் குளத்துத் தண்ணீர்தான். தீப்பெட்டிக்கும் வரி கட்டும் நம் காசும் அதில் உண்டு. வெட்டியவன் ஊர் தனியாக ஒரு காசு கட்டுவதில்லை. 10-ஏ பிரிவிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. தண்டும் பணம் பாதிக்கப்பட்ட தெருவுக்குப் போகவேண்டும் என்று அதில் எழுதவில்லை. தனி வழக்கில் கோர்ட் விதிக்கும் அபராதத்தைப் பாதிக்கப்பட்டவருக்குக் கொடுக்கச் சொல்லலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 357-ஆம் பிரிவு அதைச் சொன்னது, 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் புதுச் சட்டமும் சொல்கிறது. கூட்டு அபராதத்துக்கும் அந்த வழியைத் திறக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். இனி எழுதும் மனுவிலெல்லாம் 16-ஆம் பிரிவைச் சேர்த்து எழுதுங்கள் தோழர்களே. அது காசுக்காக அல்ல. ஊர் என்ற ஒன்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேறு வழி சட்டத்தில் குறைவு.

*

பெரியப்பாவிடம் திரும்பி வந்தேன். படித்ததையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

பட்டாளத்து மேல் அவருக்குக் கோபமில்லை. எனக்கு இருக்கிறது, அது வேறு. "அதுல எழுத்து இருக்கு தாயி. பதினாலு நாளுன்னா பதினாலு நாளுதான், பதினஞ்சு பிடிக்க முடியாது. புடிச்சதுக்குத் தாளு இருக்கு, இந்தா நீ பாத்தேல்ல. திரும்ப மாசாமாசம் பென்சனும் வருது. ஊருக்குக் கட்டுன 101 ரூபாய்க்கு ரசீது எங்க?"

பட்டாளத்திலிருந்து திரும்பிய நம்மவர்கள் ஊரில் நிமிர்ந்து நின்றதன் ரகசியம் இதுதான் என்று அப்போது பட்டது. தண்டனைக்குக்கூட எல்லையும் எழுத்தும் ரசீதும் இருக்கிற ஒரு உலகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள். 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரனும் பட்டாளத்திலிருந்து வந்தவர்தான். சமமாக உட்காரும் பழக்கத்தை ஊரால் மன்னிக்க முடியவில்லை.

"ஊருக்குக் கட்டுன காசு என்னாச்சு பெரியப்பா?"

"அந்த வருசம் கோயிலுக்குப் பெரிய மணி வாங்குனாய்ங்க. நம்மாளுக கிட்ட தண்டுன காசும் அதுல இருக்கு. இன்னைக்கும் அந்த மணியத்தான் அடிக்கிறாய்ங்க. நம்ம வீடு வரைக்கும் கேக்கும். உள்ள போயி நான் பாத்ததில்ல."

கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம். பிறகு நான் 10-ஏ பிரிவில் ஒரு வரியைப் படித்துச் சொன்னேன். கூட்டு அபராதம் போட்டால் அந்தச் செய்தியை அந்தப் பகுதியில் பறையறைந்து அறிவிக்க வேண்டும், அல்லது அரசுக்குச் சரியென்று படும் வேறு வழியில் அறிவிக்கலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. தண்டோரா போடுவதைத் தமிழ்நாடு அரசு 2022-இல் தடை செய்துவிட்டது, அது நல்ல காரியம், இனி மைக்கில்தான் சொல்வார்கள் என்றும் சொன்னேன்.

பெரியப்பா தாளைத் திருப்பி மடித்துப் பெட்டியில் கம்பளிக்கு அடியில் வைத்தார். தாத்தாவின் தப்பு இன்னும் எங்கள் வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. அவர் செத்த பிறகு யாரும் எடுக்கவில்லை.

"தோலு காஞ்சு போயிருக்கும். தீயில காட்டுனா சரியாயிரும்," என்றார். "ஊரு மேல தெண்டம்னு ஒரு நாளைக்குச் சர்க்கார் சொல்லட்டும். தடையிருந்தா இருக்கட்டும். அதை மட்டும் எங்கய்யாவுக்காக நான் அடிச்சுச் சொல்லிட்டு வாரேன். அதுக்கு 14 நாள் புடிச்சாலும் சரிதான்."